'தி திங்': 1951, 1982, 2011 – எதை முதலில் பார்ப்பது?

'தி திங்' பார்க்கலாம் என்று உட்காருபவர் தேடும் இடத்திலேயே மாட்டிக்கொள்கிறார். கிட்டத்தட்ட ஒரே பெயரில் மூன்று படங்கள் வந்து நிற்கும். வந்த வரிசையில் 1951-இலிருந்து பார் என்பார் ஒருவர். கதைப்படி 2011 படம்தான் முன்னால் நடக்கிறது, அதிலிருந்து தொடங்கு என்பார் அடுத்தவர். 82-ஐத் தவிர மற்றதெல்லாம் நேர விரயம் என்று அடித்துச் சொல்ல மூன்றாமவர் ஒருவர் எப்போதும் இருப்பார். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யாரோடு பார்க்கப் போகிறாய், இரத்தம் எவ்வளவு தாங்கும், எந்தத் திரையில் என்று மூவருமே கேட்பதில்லை.

மூலக்கதை ஒன்றுதான். ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் புனைபெயரில் எழுதிய 'ஹூ கோஸ் தேர்?' என்ற குறுநாவல் அது. அண்டார்க்டிகா முகாம் ஒன்றில், பனிக்குள் உறைந்து கிடந்த வேற்றுக்கிரக உயிர் எழுகிறது. அது எந்த உயிரையும் உள்வாங்கி அச்சு அசலாக அதுபோலவே ஆகிவிடும். முகாமில் யார் மனிதன், யார் அது? 1951 படம் இந்தக் கேள்வியையே விட்டுவிட்டு வேறு கதை சொன்னது. 1982-இல் வந்த ரீமேக் பழைய படத்தைத் தாண்டிக் குறுநாவலுக்கே திரும்பிப் போனது. 2011-இல் வந்தது அதே பெயரை வைத்துக்கொண்டாலும் ரீமேக் அல்ல, 1982 படத்தின் முன்கதை.

முடிவுகளும், யார் எப்போது மாறினார் என்பதும் இந்தக் கட்டுரையில் வராது. பயப்படாமல் படிக்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, சந்தேகம். பக்கத்தில் நிற்பவனை நம்பலாமா என்ற பதற்றம் படத்தில் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கதையைத் தேடி வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது, உடல் சிதைவின் அளவு. வெட்டு, குத்து, இரத்தம் வேறு. மனித உடல் தன் வடிவத்தை இழந்து வேறொன்றாக உருகுவது வேறு. முதலாவதைச் சாதாரணமாகப் பார்ப்பவர்கள்கூட இரண்டாவதில் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு.

மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் மற்ற இரண்டில் எதை இழக்கிறோம்? இந்த மூன்றுக்குள் மறைமுகச் செலவு என்றால் அதுதான், அதுவும் மூன்றிலும் சமமாக இல்லை.

நான்காவது, திரை, ஒலி, கூட இருப்பவர்கள்.

| | 1951 | 1982 | 2011 |
|---|---|---|---|
| இயக்கம் | கிறிஸ்டியன் நைபி (தயாரிப்பு: ஹோவர்ட் ஹாக்ஸ்) | ஜான் கார்ப்பென்டர் | மத்தைஸ் வான் ஹைனிங்கன் |
| நேரம் | 87 நிமிடம் | 109 நிமிடம் | 103 நிமிடம் |
| களம் | வடதுருவப் பகுதி | அண்டார்க்டிகா, அமெரிக்க முகாம் | அண்டார்க்டிகா, நார்வே முகாம் |
| உயிரினம் | தாவர இனம், மனித உருவம், இரத்தம் குடிக்கும் | எதுபோலவும் மாறும் | எதுபோலவும் மாறும் |
| சந்தேகம் | கிட்டத்தட்ட இல்லை | படமே அதுதான் | முதல் பாதியில் உண்டு, பிறகு துரத்தல் |
| உடல் சிதைவு | இல்லை என்றே சொல்லலாம் | மிகக் கடுமை | கடுமை |
| மற்ற படங்களைக் கெடுக்குமா | கெடுக்காது | 2011-இன் முடிவு தெரிந்துவிடும் | 1982-இன் தொடக்கத்தைக் கெடுக்கும் |

## 1951: பேச்சு வேகம், பழைய பயம்

கறுப்பு-வெள்ளைப் படம். விஞ்ஞானிகளும் விமானப்படை வீரர்களும் பனிக்கு அடியில் புதைந்த ஒரு கலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதன் வடிவம் என்ன என்று பார்க்க, நிழல் தெரியும் விளிம்பு நெடுகக் கைகளை நீட்டி வரிசையாக நிற்கிறார்கள். கடைசி ஆளும் தன் இடத்துக்குப் போனதும், அத்தனை பேரும் ஒரு வட்டமாக நிற்பது நமக்குத் தெரிகிறது. ஒரு கிராஃபிக்ஸ் இல்லை, வசனத்தால்கூட அழுத்தவில்லை. பறக்கும் தட்டு கண்முன்னால் வந்துவிடுகிறது. 1982 படத்தில் நார்வேக்காரர்கள் எடுத்த வீடியோ ஒன்றை அமெரிக்கர்கள் போட்டுப் பார்ப்பார்கள். அதில் இதே வட்டம் திரும்ப வரும். பழைய படத்தைப் பார்த்திருந்தால் அந்தச் சில விநாடிகள் கூடுதலாக இனிக்கும்.

பார்வையாளர்கள் இதில் சொல்லும் முதல் குறை உயிரினம். ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற உயரமான நடிகர் ஒப்பனையோடு வருகிறார், அவ்வளவுதான். குறை நியாயமானது. ஆனால் படம் அவரை அளந்துதான் காட்டுகிறது. கதவு திறந்ததும் எதிரே நிற்பது, இருட்டறையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது இரண்டும் இன்றைக்கும் தூக்கிப்போடும். அந்தத் தீக்காட்சியில் எரிந்துகொண்டே ஓடுபவர் உண்மையான ஸ்டண்ட் கலைஞர்.

இரண்டாவது குறை, பேச்சு. ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் பேசத் தொடங்குவார். அது ஹாக்ஸ் படங்களின் பாணி. பத்துப் பேர் ஒரே அறையில் உண்மையாகவே சேர்ந்து வேலை செய்வதுபோல் இருக்கும். ஆங்கிலம் சரளமில்லாதவர்களுக்குச் சிரமம்தான். சப்டைட்டில் போட்டாலும் மேலோடும் வரிகளில் பாதி விடுபடும். முக்கியமான தகவல் எதுவும் தவறாது, கலகலப்புதான் கொஞ்சம் குறையும்.

வாங்குவதற்கோ வாடகைக்கு எடுப்பதற்கோ முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். மறுவெளியீட்டுக்காகச் சில நிமிடங்கள் வெட்டிய பதிப்பும், பின்னாளில் வண்ணம் பூசிய பதிப்பும் இருக்கின்றன. 87 நிமிடமும் கறுப்பு-வெள்ளையும் இருந்தால் சரியானது. வண்ணம் பூசியதில் நிழல்கள் வெளுத்துப்போகும், இந்தப் படத்தில் பயம் நிழலில்தான் இருக்கிறது.

வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு உட்காருவதாக இருந்தால், மூன்றில் இது ஒன்றுதான் தேறும்.

## 1982: நம்பிக்கை உருகும் படம்

1982 ஜூன் 25 அன்று வெளியானது. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' இரண்டு வாரம் முன்பு வந்து ஊரையே உருக வைத்திருந்தது. 'பிளேட் ரன்னர்' அதே நாளில் வந்தது. சுமார் 1.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்காவில் 2 கோடியைக்கூட எட்டவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். என்னியோ மோரிக்கோனியின் இசை, மோசமான இசைக்கான ராஸி என்ற கேலி விருதின் பரிந்துரையைப் பெற்றது. அதே இசையமர்வில் எழுதிப் பயன்படுத்தாமல் விட்ட பகுதிகள் 2015-இல் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் இடம்பெற்றன, அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. வீடியோ கேசட்டில் மெதுவாகத்தான் இந்தப் படம் தனக்கான பார்வையாளர்களைக் கண்டுபிடித்தது.

அன்றைக்குச் சொன்ன குறைகளையே இன்றும் முதல்முறை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அதனால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"யார் யார் என்றே புரியவில்லை." முகாமில் 12 ஆண்கள். பெண் பாத்திரம் கிடையாது. யாருக்கும் முன்கதை, குடும்பம், கடிதம் எதுவும் இல்லை. இது எழுத்தின் சோம்பல் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் ஒருவரை நன்றாகத் தெரிந்துவிட்டால், அவர் மாறியதும் கண்டுபிடித்துவிடுவோம். தெரியாமல் வைத்திருப்பதால்தான் கடைசிவரை யாரையும் நம்ப முடியவில்லை. இந்தத் தந்திரம் பலிக்க, முகங்களாவது பிடிபட வேண்டும், அது முதல் பார்வையில் உண்மையிலேயே கடினம். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் போதும்: மக்ரெடி ஹெலிகாப்டர் பைலட், தாடியும் பெரிய தொப்பியும். பாமர் அவருக்கு அடுத்த பைலட், நீளமுடி. கேரி முகாம் தலைவர், இடுப்பில் துப்பாக்கி. பிளேர் உயிரியலாளர், ஃபியூக்ஸ் அவருடைய உதவியாளர். காப்பர் டாக்டர். கிளார்க் நாய்களைப் பார்த்துக்கொள்பவர். சைல்ட்ஸ் மெக்கானிக். நால்ஸ் சமையல்காரர், ஸ்கேட்டிங் சக்கரத்தில் திரிவார். விண்டோஸ் ரேடியோ ஆள். நாரிஸும் பென்னிங்ஸும் மற்ற இரு விஞ்ஞானிகள். இவ்வளவு தெரிந்திருந்தால் படம் எதையும் இழக்காது.

"எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள்." காட்டாமல் விட்டிருந்தால் பயம் கூடியிருக்கும் என்பது பழைய திகில் ரசிகர்களின் வாதம். 1951 படத்துக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது என்பதற்கு ஒரே காரணம்தான்: காட்டும்போதும் அந்த உயிருக்கு நிலையான உருவம் இல்லை. முழுதாகப் பார்த்த பிறகும் அது எப்படியிருந்தது என்று சொல்ல வராது. இந்த உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு வேலையைத் தொடங்கியபோது இருபத்திரண்டு வயதுதான். ரப்பர், ஜெலட்டின், மயோனைஸ், சூடாக்கிய பபிள்கம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பிசைந்தார். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் வரும் மருத்துவ மேசைக் காட்சியில் என்ன நடக்கிறது என்று யார் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அதன் ஒரு ஷாட்டில், கலவையிலிருந்து எழுந்த ஆவி படப்பிடிப்பிலேயே தீப்பிடித்தது. வேலைச் சுமையால் பாட்டின் மருத்துவமனை வரை போனார். நாய்க்கூண்டுக் காட்சியின் உருவத்தை ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்துகொடுத்தது, பெயர் போட வேண்டாம் என்று வின்ஸ்டனே சொல்லிவிட்டார்.

"முடிவே இல்லாமல் முடிகிறது." இதற்கு மறுப்பு கிடையாது. விடை கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்குக் கசக்கும். கடைசிக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து நாற்பது ஆண்டுகளாக வாதாடுகிறார்கள், இன்னும் தீரவில்லை.

படத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு ஷாட் போதும். ஆரம்பத்தில் ஒரு நாய் தாழ்வாரத்தில் தனியாக நடந்து வருகிறது. அவசரமில்லை, மோப்பமில்லை. ஒரு கதவருகே நின்று உள்ளே பார்க்கிறது. அறைச் சுவரில் ஒரு மனிதனின் நிழல் திரும்புகிறது. உடனே திரை இருண்டுவிடுகிறது. அது யார் நிழல் என்று தலைமுடியையும் மூக்கையும் வைத்துக் கண்டுபிடிக்க முயல்வார்கள். பயனில்லை: யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகவே கார்ப்பென்டர் 12 நடிகர்களில் எவரையும் நிறுத்தாமல் ஸ்டண்ட் கலைஞர் ஒருவரை நிறுத்தினார்.

இனி நடைமுறை. சூடாக்கிய கம்பியால் இரத்தத்தைச் சோதிக்கும் காட்சியில் எல்லோரும் அகலத்திரை முழுக்கப் பரவி உட்கார்ந்திருப்பார்கள், விளிம்பில் இருப்பவரின் முகமும் முக்கியம். படத்தின் அகல-உயர விகிதம் 2.35:1. டிவியின் ஜூம் பொத்தானை அழுத்தித் திரையை நிரப்பினால் கால்பங்குப் படம் வெளியே போய்விடும். பழைய சதுரத் திரைப் பதிப்பு என்றால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போகும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும், விட்டுவிடுங்கள். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி இருட்டை மிச்சம் வைத்தே எடுத்திருக்கிறார். அறை விளக்கு எரிந்தால் பாதிப் படம் கறுப்புச் சுவராகிவிடும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு டிவியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ரப்பர் ரப்பராகவே தெரியும்.

தொலைக்காட்சிக்காகக் காட்சிகளை வெட்டி, பின்னணிக் குரலில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தும் ஒரு பதிப்பும் உண்டு. மேலே சொன்ன தந்திரத்தை அது அடியோடு அழிக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு குரல் ஆட்களை விளக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு வேறு பதிப்பைத் தேடுங்கள்.

முதல் சில நிமிடங்களில் ஒரு நார்வேக்காரர் தன் மொழியில் கத்துவார். அமெரிக்கர்களுக்குப் புரியாது, நமக்கும் புரியக் கூடாது. அந்த வரியை மொழிபெயர்த்துத் தரும் சப்டைட்டில் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் அணைத்துவிடுங்கள்.

நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க: அரை மணி நேரத்தை ஒட்டி வரும் கூண்டுக் காட்சி கடுமையானது. கண்ணை மூடினாலும் ஒலி விடாது.

## 2011: விடை சொல்லும் படம்

நார்வே முகாமில் என்ன நடந்தது? 1982 படத்தில் மக்ரெடியும் டாக்டரும் அந்த முகாமுக்குப் போவார்கள். எரிந்த கட்டடம், கதவில் இறங்கிய கோடரி, உட்புறம் காலியான பனிக்கட்டி, இரண்டு முகம் ஒட்டிய ஓர் உடல் எல்லாம் கிடக்கும். ஒவ்வொன்றும் எப்படி அங்கே வந்தது என்று 2011 படம் பொறுமையாகச் சொல்கிறது. கோடரிகூட அதே இடத்தில் இறங்குகிறது. இந்தப் பொருத்தத்தை ரசிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கோடரி எப்படி வந்தது என்று தெரியாமல் இருந்தபோதுதான் அது பயமுறுத்தியது என்று கேட்கும் கூட்டமும் இருக்கிறது. இரண்டாவது கூட்டத்தின் பக்கமே நியாயம் அதிகம்.

படத்தைக் குறை சொல்பவர்கள் எடுத்த எடுப்பில் கணினி கிராஃபிக்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். அலெக் கில்லிஸ், டாம் உட்ரஃப் இருவரின் குழு உண்மையான பொம்மைகளையும் இயந்திர உருவங்களையும் செய்து, படப்பிடிப்பிலும் பயன்படுத்தியது. பிறகு பெரும்பகுதியின் மேல் கணினி உருவங்களைப் போர்த்திவிட்டார்கள். அந்த ஏமாற்றத்தில் அந்தக் குழு பின்னால் பொம்மைகளையே நம்பித் தனியாக ஒரு படம் எடுத்தது.

உண்மையில் கோளாறு கிராஃபிக்ஸோடு நிற்கவில்லை. 82-இல் அந்த உயிர் ஒளிந்திருக்கும், மாட்டிக்கொண்டால்தான் வெடிக்கும். 2011-இல் அது தாழ்வாரம் தாழ்வாரமாகத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அசல் மனிதனைப் போலவே மாறத் தெரிந்த ஒன்று ஏன் இவ்வளவு அவசரப்பட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்? கேள்வி எழுந்ததும் பயம் இறங்கிவிடுகிறது.

இருந்தாலும் படத்தில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அந்த உயிரால் சதையை நகலெடுக்க முடியும், உலோகத்தையும் பீங்கானையும் முடியாது. ஆகவே வாயைத் திற, பல் அடைத்த இடம் இருக்கிறதா பார்க்கலாம் என்கிறாள் கேட் (மேரி எலிசபெத் வின்ஸ்டெட்). அடைப்பு இருந்தால் மனிதன். இல்லையென்றால்? நல்ல பல்லோடு பிறந்தவனும் சந்தேகக் கூண்டில் நிற்க வேண்டும். இரத்தச் சோதனையைத் திரும்பச் செய்யாமல் அதற்கு இணையாக ஒன்றை யோசித்ததற்காகத் திரைக்கதையாளர் எரிக் ஹைசரரைப் பாராட்டலாம். நார்வேக்காரர்கள் தங்களுக்குள் நார்வேஜிய மொழியில் பேசும்போது அமெரிக்கர்கள் விழிப்பதும் சந்தேகத்துக்கு நன்றாகத் தீனி போடுகிறது. முதல் பாதி பார்க்கத் தகுந்ததுதான்.

செலவு எங்கே என்றால் கடைசியில். பெயர்ப்பட்டியல் ஓடும்போது வரும் காட்சிகள் 1982 படத்தின் தொடக்கக் காட்சியோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. 82-இன் முதல் அரை மணி நேரத்தைத் தாங்குவது ஒரே ஒரு கேள்வி, அதன் விடை இங்கே கிடைத்துவிடுகிறது. கதை வரிசைப்படி பார்ப்பவர்கள் அந்த அரை மணி நேரத்தை விடை தெரிந்த விடுகதையாகத்தான் பார்ப்பார்கள். "82 ஆரம்பம் இழுவை" என்று சொல்பவரிடம் எதை முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

## யாருக்கு எது

முதல்முறை, தனியாகவோ திகில் பழகிய நண்பர்களோடோ: 1982. வேறு எதையும் பார்க்காமல், டிரெய்லர்கூடப் பார்க்காமல். இரவு, ஒரே மூச்சில். சாப்பாட்டை முன்பே முடித்துவிடுங்கள்.

சதை சிதைவது ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் பனி, தனிமை, பயம் வேண்டும்: 1951. 1982-ஐக் கண்ணை மூடி மூடிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். முக்கியமான தடயங்கள் அந்தக் காட்சிகளுக்குள்ளேதான் இருக்கின்றன, கண்ணை மூடினால் கதையும் போய்விடும்.

பழைய படங்களில் பொறுமை இருக்கிறது, மூன்றையும் பார்த்துவிடுவது என்று முடிவு: 1951, 1982, 2011. வெளிவந்த வரிசையேதான். 1951-இல் நகலெடுக்கும் திறன் கிடையாது என்பதால் அது 82-இன் எந்தத் திருப்பத்தையும் கெடுக்காது. 1982-இல் பெயர் எழுத்துகள் எரிந்து எழுவது பழைய படத்துக்குச் செய்த மரியாதை என்பதும் புரியும். புகை நிரப்பிய மீன் தொட்டியை பிளாஸ்டிக் குப்பைப் பையால் மூடி, பையைக் கொளுத்தி எடுத்த ஷாட் அது.

கூட்டமாக, பேசிச் சிரித்து, பாதிக் கவனத்தோடு: 2011. ஓட்டமும் சத்தமும் உண்டு, நடுவே எழுந்து போய் வந்தாலும் தொடர முடியும். 1982-ஐ இப்படிப் பார்த்தால் யார் யாரோடு தனியாக இருந்தார், சாவிக்கொத்து யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்பதெல்லாம் தவறிவிடும், பிறகு படம் குழப்பமாக இருந்தது என்ற பேச்சுதான் மிஞ்சும்.

82-ஐ ஒருமுறை பார்த்தாயிற்று, அடுத்து என்ன: 2011-க்குப் போகும் முன் 82-ஐயே இன்னொருமுறை பாருங்கள். இம்முறை பேசுபவரை விட்டுவிட்டு, பேசாமல் நிற்பவரைக் கவனியுங்கள். அதற்கடுத்து கேம்பெலின் குறுநாவல். கம்பிச் சோதனைக்கான விதை அங்கேதான் இருக்கிறது.

தெரியாமல் 2011-ஐ முதலில் பார்த்துவிட்டவர்கள்: சில மாத இடைவெளி விட்டு 1982-ஐ எடுங்கள். ஆரம்ப அரை மணி நேரத்தின் புதிர் திரும்பக் கிடைக்காது. ஆனால் கூண்டுக் காட்சிக்குப் பிறகு வருவது அமெரிக்க முகாமின் 12 பேரைப் பற்றிய கேள்வி. 2011-க்கு அவர்களில் ஒருவரைக்கூடத் தெரியாது.